மலையின் பேரேடு – அத்தியாயம் 1: உன் பாட்டன் பேர் என்ன?

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலை. விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்று, கூடையைத் தலையில் மாட்டி மலையேறி, துரை சொன்ன அளவுக்குக் கொழுந்து பறித்துக் கொட்டினால் ஒரு பேர். அளவு குறைந்தால் அரைப் பேர். சம்பள நாளில், வரிசை வீடுகளான லயத்து வாசலில் "ஒனக்கு எத்தன பேரு?" என்று கேட்பார்கள். "இருவத்தொரு பேரு" என்று பதில் வரும். கணக்கப்பிள்ளை வேலை நாள் குறிக்கும் செக்ரோலில் நம்முடைய பேர் இருந்தது. நாம் யார் என்பது மட்டும் அதில் இல்லை.

அதை எழுத ஒருவர் வந்தார். இந்தத் தொடர் அவரைப் பற்றியது. அவர் எழுதி மீட்ட மனிதர்களைப் பற்றியது.

1948ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறேன். இலங்கை சுதந்திரம் அடைந்த அதே ஆண்டில் நாடாளுமன்றம் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. அந்தச் சட்டம் வெளிப்பார்வைக்கு ஓர் எளிய கேள்வியைத்தான் கேட்டது. நீ இந்நாட்டில் பிறந்தவனா? சரி, உன் தகப்பன் இங்கே பிறந்தானா? இல்லையென்றால், உன் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா? எழுத்தில் காட்டு.

எழுத்தில் எதைக் காட்டுவது? பாட்டன் இந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தே வந்தவன். வழியில் செத்தவர்களை வழியிலேயே புதைத்துவிட்டு வந்தவன். அவன் பெயர் எந்த ஏட்டிலாவது ஏறியிருந்தால், அது கடன் ஏடாகத்தான் இருக்கும். அந்தக் காலத்தில் 'துண்டு' என்று ஒரு கடுதாசி இருந்தது. ஆட்களைத் திரட்டி வேலை வாங்கும் கங்காணியும் அவன் ஆட்களும் தோட்டம் மாற வேண்டுமானால், இவர்கள் மீது இவ்வளவு கடன் நிற்கிறது, அதைக் கட்டுகிறவர் ஆட்களை அழைத்துப்போகலாம் என்று பழைய தோட்டத்துத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. மனிதர்கள் அந்தச் சீட்டோடு கை மாறினார்கள். 1921இல் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. பாட்டனைப் பற்றி எழுதப்பட்ட ஒரே கடுதாசி அப்படிப்பட்டது என்றால், பேரன் குடியுரிமைக்கு எதைக் கொண்டுபோய் நீட்டுவான்?

எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியை நினைக்கிறேன். லயத்து அறையான காம்பிராவின் மூலையில் அடுப்புப் புகை படிந்து கறுத்துக் கிடக்கும். கூப்பன் புத்தகம், பழைய சம்பளச் சீட்டு, மடித்து மடித்து நாலாகக் கிழிந்த பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அதற்குள்தான். என் அப்பாயியின் பெயர் மூன்று கடுதாசியில் மூன்று விதமாக இருந்தது. ஒன்றில் 'ஆயி' என்று முடிந்தது. இன்னொன்றில் 'அம்மாள்' என்று முடிந்தது. மூன்றாவதில் இரண்டும் இல்லை. எழுதிய கணக்கப்பிள்ளையின் காதில் எப்படி விழுந்ததோ அப்படி. மூவரும் ஒருத்திதான் என்று நிரூபிக்கவே அவள் ஆயுள் போதவில்லை.

1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. அவர்களில் குடியுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. மற்றவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று தலைகளைப் பிரித்துக்கொண்டார்கள். அங்கும் எண்கள்தான். செக்ரோலில் இருந்ததும் எண்; ஒப்பந்தத்தில் இருந்ததும் எண்.

அந்த 1948இல், சாமிமலையின் சிங்காரவத்தைத் தோட்டத்தில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். சிவனொளிபாத மலையின் அடிவாரத்து ஊர். ஆண்டில் பாதி நாள் சாரல் விடாத ஊர். பையனின் பெயர் நல்லையா. பாட்டன் பேர் என்ன என்று நாடு கேட்ட கேள்விக்கு அவனும் ஒரு நாள் பதில் எழுதுவான் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

\*

அந்தக் காலத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒரே அறை, ஒரே வாத்தியார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிடும். அதைத் தாண்டிய பிள்ளைகள் அநேகமாக ஹட்டனுக்குத்தான் வந்தார்கள். நல்லையாவும் ஹட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரிக்கு வந்தார்.

அந்தக் கல்லூரியின் பெயரைச் சொல்லும்போது மலையகத்தில் ஒரு தலைமுறையே நிமிர்ந்து உட்காரும். இர. சிவலிங்கம் அங்கே ஆசிரியராக இருந்தார்; பிறகு அதிபரானார். பாடப் புத்தகத்தோடு சேர்த்துத் தன்மானத்தையும் கற்பித்த மனிதர். லயத்துப் பிள்ளை லயத்தைப் பற்றிப் பேச வெட்கப்படக் கூடாது, எழுத அஞ்சக் கூடாது என்ற எண்ணம் அந்த வகுப்பறைகளிலிருந்து புறப்பட்டது. 1960களில் மலையகத்தில் திடீரென்று கதைகளும் கவிதைகளும் பெருகின. வீரகேசரி நாளிதழ் மலையக எழுத்தாளர்களுக்கென்றே சிறுகதைப் போட்டிகள் நடத்தியது. பரிசுக் கதைகள் 'கதைக்கனிகள்' என்ற தொகுப்பாக 1971இல் வந்தன. அந்த அலையில் எழுந்தவர்களில் ஒருவராக நல்லையா தனக்கொரு பெயர் வைத்துக்கொண்டார்: சாரல்நாடன். சாமிமலைச் சாரலைத் தன் நாடாக்கிக்கொண்ட பெயர். நாடற்றவர்கள் என்று சொல்லப்பட்ட மக்களிடையே ஒருவர் 'நாடன்' என்று கையெழுத்திட்டதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

கதையும் கவிதையும் எழுதினார். பிழைப்புக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் அதிகாரியாக வேலை பார்த்தார். எங்கள் பேச்சில் அந்தக் கட்டடத்தின் பெயர் 'ஸ்டோரு'. அந்த வேலை எப்படிப்பட்டது என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மாலையில் கொழுந்து நிறுத்து ஸ்டோருக்கு வரும். மேல்மாடியில் பரப்பி, இரவெல்லாம் காற்றோட்டத்தில் வாடவிடுவார்கள். விடிவதற்கு முன்பே அரைக்கத் தொடங்கவேண்டும். அரைத்ததைப் பரப்பினால் பச்சை நிறம் மெல்லச் செம்பு நிறமாகும். எந்த நிமிடத்தில் அடுப்புக்கு அனுப்புவது என்பதை மூக்குதான் சொல்லும். பிறகு சலித்துத் தரம் பிரிக்கவேண்டும். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகக் கையில் வரும். இதில் வாட்டலில் அவசரப்பட்டவன் கெட்டான். அங்கே விட்ட பிழையைப் பின்னால் எந்த இயந்திரமும் திருத்தாது.

ஊர் தூங்கும் நேரத்தில் விழித்திருக்கும் தொழில் அது. பல்கலைக்கழகம், ஆய்வு நிதி, உதவியாளர் என்று எதுவும் இல்லாத ஒருவர், இந்தத் தொழிலுக்கு நடுவிலேதான் ஒரு மக்களின் வரலாற்றைத் தேடி எடுத்தார். வாட்டலின் பொறுமை அவருடைய எழுத்திலும் இருந்தது.

கதை எழுதிக்கொண்டிருந்தவரை வாழ்க்கை வரலாற்றின் பக்கம் திருப்பியது ஒரு மரணம்.

\*

1984 நவம்பர் 19. சி. வி. வேலுப்பிள்ளை காலமானார்.

'சி.வி.' என்ற இரண்டு எழுத்தில் மலையகம் அவரை அறியும். 1914இல் மடக்கும்புரத் தோட்டத்தில் பெரிய கங்காணிக் குடும்பத்தில் பிறந்தவர். வயிறார உண்டு, பங்களா வாழ்க்கை வாழ்ந்து, லயத்தை எட்டிப் பார்க்காமலே இருந்திருக்கக்கூடியவர். இறங்கி வந்தார். தாகூர் தன் சாந்திநிகேதன் குழுவோடு 1934 மே மாதம் இலங்கைக்கு வந்தபோது சி.வி.க்கு இருபது வயதுகூட ஆகவில்லை. தான் ஆங்கிலத்தில் எழுதிய 'விஸ்மாஜினி' என்ற இசை நாடகத்தை அந்த மகாகவியின் கையில் கொடுத்தார். தேயிலைத் தோட்டத்தில் பிறந்த பையன், நோபல் பரிசு பெற்றவர் முன்னால் எழுத்தோடு போய் நின்றான். மலையக இலக்கியத்தின் முதல் நிமிர்வு என்று நான் கருதுவது அந்த நிமிடத்தைத்தான்.

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. தலவாக்கலையில் வென்றவர் சி.வி. அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. அதன் பின்னால் வாக்குரிமையும் போனது. 1952இல் காங்கிரஸ் கொழும்பில் சத்தியாக்கிரகம் நடத்தியது. அந்த ஆண்டுப் பொதுத் தேர்தலில் மலையக மக்களின் பிரதிநிதிகளுக்கு வாக்களிக்க வாக்காளரே இல்லை. மக்களின் பெயரை நாடாளுமன்றத்தில் சொல்ல வழி அடைபட்டபோது சி.வி. கவிதையில் சொன்னார். தேயிலைத் தோட்டத்து விடியலையும் மரணத்தையும் பாடிய அவருடைய ஆங்கிலக் கவிதைகள் கடல் கடந்தும் போய்ச் சேர்ந்தன.

அந்தக் கவிதைகளில் வரும் மக்களுக்கோ ஆங்கிலம் தெரியாது. தங்களைப் பற்றி ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார் என்ற செய்தியே அவர்களுக்கு எட்டவில்லை. 1969இல்தான் கவிஞர் சக்தீ பால-ஐயா அவற்றைத் 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழாக்கித் தந்தார்.

சி.வி. மறைந்த நேரம் மலையகத்துக்கு மிகவும் கெட்ட நேரம். 1983 ஜூலைக் கலவரத்தின் புகை அடங்கவில்லை. வீடு எரிந்தவர்கள் வவுனியாப் பக்கம் போனார்கள். பாஸ்போர்ட் வாங்கியவர்கள் கப்பலேறினார்கள். இர. சிவலிங்கமே இந்தியாவுக்குப் போய்விட்டார். போகிறவர்கள் மூட்டையில் முதலில் கழித்துக்கட்டுவது பழைய கடுதாசிகளைத்தான். கடிதம், நோட்டீசு, சங்கப் பத்திரிகை, போட்டோ எல்லாம் அடுப்புக்குப் போயின. ஒரு சமூகம் இடம்பெயரும்போது அதன் ஞாபகம் எரிவது இப்படித்தான். யாரும் வந்து கொளுத்த வேண்டியதில்லை.

அந்த நேரத்தில் சாரல்நாடன் எழுத உட்கார்ந்தார். 1986இல், சி.வி. மறைந்து இரண்டே ஆண்டுகளில், 'சி.வி. சில சிந்தனைகள்' வெளிவந்தது. எழுத்தாளர் அந்தனி ஜீவாவின் மலையக வெளியீட்டகம் அதை நூலாக்கியது. ஒரு மலையக எழுத்தாளரின் வாழ்வையும் எழுத்தையும் இன்னொரு மலையக எழுத்தாளர் அக்கறையோடு எழுதிவைத்த நூல். நமக்குள்ளும் எழுதத்தக்க வாழ்க்கைகள் உண்டு என்பதற்கு அது சாட்சியாக நின்றது.

சி.வி.யை எழுதுவதில் ஒரு வசதி இருந்தது. அவரைக் கண்டவர்கள், அவரோடு பேசியவர்கள் உயிரோடு இருந்தார்கள். சாரல்நாடனின் அடுத்த கேள்வி அப்படிப்பட்டதல்ல. சி.வி.க்கு முன்னால் யார்? தொழிற்சங்கம் என்ற சொல்லையே தோட்டத்துக்குள் கொண்டுவந்தவர் யார்?

விடை ஒரு புடவை மூட்டைக்குள் இருந்தது.

\*

தோட்டத்துக்கு வெளியார் யாரும் நினைத்தபடி வர முடியாத காலம். எல்லையைத் தாண்டினால் அத்துமீறல் குற்றம். துரையின் அனுமதி இல்லாமல் சொந்தக்காரன்கூட லயத்துக்கு வர முடியாது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவில் ஒரு குடும்பம் எப்படி வாழ்கிறது என்று வெளியுலகம் கண்டுவிடக் கூடாது என்பதற்கு அந்தச் சட்டம் பெரும் காவல். ஆனால் ஒருவனை மட்டும் காவல் தடுக்காது: தோளில் மூட்டையோடு வரும் புடவை வியாபாரி. சேலை இல்லாமல் கொழுந்து மலை நடக்காதே!

தஞ்சாவூரிலிருந்து வந்த ஒரு பத்திரிகைக்காரர் அந்த வழியைக் கண்டுபிடித்தார். பெயர் கோ. நடேசய்யர். ஊரில் 'வர்த்தகமித்திரன்' நடத்தியவர். புடவை வியாபாரியாக வேடம் போட்டுத் தோட்டத்துக்குள் நுழைந்தார். அய்யர் வீட்டுப் பிள்ளை லயத்து வாசல் வாசலாக மூட்டையை அவிழ்த்தார். சேலையின் விலையைப் பேசிக்கொண்டே வாங்குகிறவளின் சம்பளத்தைக் கேட்டார், கடனைக் கேட்டார், கங்காணியைப் பற்றிக் கேட்டார். கண்டதோடு போய்விட அவரால் முடியவில்லை. 1920 அளவில் இலங்கைக்கே குடிவந்துவிட்டார்.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. 'தேசநேசன்' நடத்தினார். 1924இல் 'தேசபக்தன்' தொடங்கினார். சென்னையில் திரு.வி.க. நடத்திப் பெயர்பெற்ற பத்திரிகையின் பெயரை, கொழும்பில் கூலிகளுக்காகப் பேசும் பத்திரிகைக்கு வைத்தார். 1925இல் சட்ட நிரூபண சபைக்கு உறுப்பினரானார். தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்காவோடு சேர்ந்து கொழும்புத் தொழிலாளரிடையே உழைத்தார். அவரோடு முறிந்ததும் மலைக்கு ஏறினார். 1931இல் ஹட்டனைத் தலைமையிடமாக வைத்து அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். 1936இல் ஹட்டன் தொகுதி அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியது. தொழிலாளருக்குச் சட்டத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தார், நாடகம் எழுதினார், 'மூலையில் குந்திய முதியோன்' என்று துப்பறியும் கதைகூட எழுதினார். 1947 நவம்பரில் இறந்தார்.

இறந்ததும் மறந்தார்கள். எவ்வளவு சீக்கிரம் மறந்தார்கள் என்றால், அவருக்குப் பின்வந்த பெரிய சங்கங்களின் மேடைகளில் மலையக வரலாறு இலங்கை இந்தியர் காங்கிரஸ் பிறந்த 1939இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய இருபது ஆண்டுகள் யாருடைய ஞாபகத்திலும் இல்லாமற்போயின. 

நடேசய்யர் மறைந்தபோது சாரல்நாடனுக்கு மூன்று வயது. கண்டதில்லை, குரல் கேட்டதில்லை. மிஞ்சியிருந்தவை மக்கிப்போகும் பத்திரிகைத் தாள்களும் சபை உரைகளும் சிறு பிரசுரங்களும் முதியவர்களின் ஞாபகமும். அவற்றை ஒன்றோடொன்று பொருத்தி 1988இல் 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' என்ற நூலைத் தந்தார். அத்தோடு விடவில்லை. பத்தாண்டு கழித்து, அதே மனிதரின் பத்திரிகைப் பணியை மட்டும் தனியே எடுத்துப் 'பத்திரிகையாளர் நடேசய்யர்' எழுதினார். இடையில் 1993இல் 'மலையக வாய்மொழி இலக்கியம்'. எழுத்தறியாத தாய்மார் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் சேர்த்துவைத்ததும் வரலாறுதான் என்று சொன்ன நூல் அது.

1988 என்ற ஆண்டைக் கவனியுங்கள். நாடற்றவர்களாக மிஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் 39ஆம் இலக்கச் சட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான். உன் பாட்டன் பேர் என்ன என்று நாற்பது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்த அரசு, கேள்வியைக் கைவிட்ட ஆண்டு. அதே ஆண்டில் அந்தக் கேள்விக்குச் சாமிமலைப் பையன் பதிலை அச்சிட்டுக் கொடுத்தார். எங்கள் பாட்டனுக்காகப் பேசியவர் பெயர் நடேசய்யர்; அவர் பேசியது இன்ன தேதியில், இன்ன பத்திரிகையில், இன்ன சபையில். செக்ரோலுக்கும் துண்டுக்கும் வெளியே நமக்கென்று ஒரு பேரேடு திறந்தது. அரசு தந்த குடியுரிமைக்கு நான் கொடுக்கும் மதிப்பு எதுவோ, அந்த நூலுக்கும் அதே மதிப்பைக் கொடுக்கிறேன்.

சாரல்நாடன் 2014 ஜூலை 31இல் மறைந்தார். அவர் திறந்த வழியில் இன்று பலர் நடக்கிறார்கள். மு. நித்தியானந்தனின் 'கூலித்தமிழ்' என்ற ஆய்வு நூல் அதே 2014இல் வந்தது.

வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு தகரப்பெட்டி இருக்கும். புது வீட்டுக்குக் குடிபோகும்போது அதைக் குப்பையோடு கொளுத்திவிடாதீர்கள். பாட்டியின் சம்பளச் சீட்டு, தாத்தாவின் சங்கச் சந்தாத் துண்டு, கப்பலேறிப் போன சித்தப்பாவின் கடிதம், எதுவானாலும் எடுத்து வெயிலில் காயவையுங்கள். யாருடையது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று பின்னால் பென்சிலால் எழுதிவையுங்கள். பிள்ளைகளை உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள். அடுத்த சாரல்நாடனுக்கு அதுதான் கொழுந்து.

ஒரு பெயரை இவ்வளவு நேரம் சொல்லாமல் வைத்திருந்தேன். நடேசய்யர் மேடையேறுவதற்கு முன்னால் ஒரு பெண் குரல் எழும்பும். கூட்டத்துக்கு வரத் தயங்கி நின்ற பெண்கள் அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்தார்கள். கணவர் நடேசய்யர் வெளியே போயிருந்த நாட்களில் பத்திரிகையைப் பார்த்துக்கொண்டதும் அந்தப் பெண்தான். இந்தியத் தொழிலாளரைத் திருப்பி அனுப்பவேண்டும் என்ற குரல் ஓங்கிய காலத்தில், 1940இல், தன் பாடல்களை அச்சிட்டுச் சிறு நூலாகத் தோட்டங்களுக்குள் அனுப்பினார். துரைமாருக்கு மேடைப் பேச்சைவிட அந்தப் பாட்டு எதனால் பெரிய தலைவலியானது?

அவர் பெயர் மீனாட்சி அம்மாள். அடுத்த வாரம் அவர் பாட வருகிறார்.

(தொடரும்)